கழட்டி வெச்ச கொலுசு ஏன் கறுத்தது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து தொடங்குது.

அனுப்பினவங்க ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஹாஸ்டல்ல தங்கி, ஷிப்டுக்குப் போய் வர்ற வாழ்க்கை. வேலைக்குக் கிளம்பும்போது அவங்க பாட்டி தன்னோட வெள்ளிக் கொலுசைக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. ஜோடி 20 ரூபா எடை. பாட்டியோட அம்மா, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயை உருக்கிச் செஞ்சதுன்னு வீட்டுல சொல்லுவாங்களாம். பாட்டி அதை அம்பது வருஷத்துக்கு மேல கால்ல போட்டிருந்தவங்க. வெள்ளை வெளேர்னுதான் இருந்துச்சு.

கம்பெனிக்குள்ள மெட்டல் போடக்கூடாது. அதனால கொலுசைக் கழட்டி, ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு லாக்கர்ல வெச்சுட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்காக எடுத்தா, கொலுசு கறுத்துக் கிடக்கு. ரப்பர் பேண்ட் இருந்த இடத்துல மட்டும் கோடு போட்ட மாதிரி அட்டைக் கறுப்பு.

ரூம்ல இருக்கிற அக்கா, “உனக்கு உடம்புச் சூடு, அதான்”னு சொல்லிட்டாங்க. தம்பி, “பேஸ்ட் போட்டுத் தேய்”ங்கிறான். கடைக்காரர், “பழைய வெள்ளிம்மா, டச் கம்மியா இருக்கும், போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க”ன்னு சொல்லியிருக்கார். அவங்க கேட்ட கேள்வி இதுதான்: “அண்ணா, இது நிஜமாவே வெள்ளிதானா? பாட்டி கால்ல கறுக்காதது என்கிட்ட வந்து ஏன் கறுத்துச்சு? மாத்திடட்டுமா?”

வெள்ளியை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு ஆயிரம் ரீல்ஸ் இருக்கு. ஆனா “என்கிட்ட வந்து ஏன் கறுத்துச்சு”ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, கொஞ்சம் பின்னாடி போகணும். அந்தக் கொலுசு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

துணி போச்சு, வெள்ளி வந்துச்சு

தமிழ்நாட்டுல சொல்லிக்கிற மாதிரி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. நம்ம பாட்டிமார் கால்ல இருந்த வெள்ளி பெரும்பாலும் கடல் தாண்டி வந்தது. 2000 வருஷத்துக்கு முன்னாடியே ரோமாபுரி வெள்ளிக்காசு இங்க வந்திருக்கு. அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்ட தினாரியஸ் காசுகள் கோயம்புத்தூர் பக்கம் புதையல் புதையலா கிடைச்சிருக்கு. 1545-ல தென் அமெரிக்காவுல, இன்னிக்குப் பொலிவியான்னு சொல்ற நாட்டுல, பொட்டோசி மலையில பெரிய வெள்ளிச் சுரங்கம் திறந்தாங்க. அந்த வெள்ளி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து கம்பெனிக் கப்பல்கள்ல இந்தியாவுக்கு வந்தது.

ஏன் வந்தது? துணிக்காக. சோழமண்டலக் கரையோட பருத்தித் துணிக்கு உலகம் பூரா கிராக்கி. ஆனா ஐரோப்பியர்கள் கொண்டுவந்த சாமான் நம்ம ஊர்ல அவ்வளவா விலை போகலை. அதனால துணிக்கு விலையா அவங்க வெள்ளியும் தங்கமும் கொண்டுவர வேண்டியிருந்தது. 1639-ல மதராஸ்ல இடம் வாங்கின ஆங்கிலேயக் கம்பெனி, கோட்டை கட்ட ஆரம்பிச்ச சூட்டோட நாணயச்சாலையும் நடத்த ஆரம்பிச்சதுக்குக் காரணம் இதுதான். இன்னிக்கு நாம ஸ்ரீபெரும்புதூர் காரிடார்னு சொல்ற இந்தப் பகுதி, 1763-ல ஆற்காடு நவாப் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீர் பக்கம்தான். ஏற்றுமதிக்காக உற்பத்தி பண்ற ஊர்ங்கிற அடையாளம் இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. அப்போ தறி, இப்போ அசெம்ப்ளி லைன்.

மதராஸ்ல ரொம்ப நாள் தங்க வராகன்தான் பிரதான நாணயம். 1818-லதான் வெள்ளி ரூபா அந்த இடத்துக்கு வந்தது. 1835-ல கம்பெனி ஆட்சி மொத்தத்துக்கும் ஒரே ரூபான்னு ஆச்சு. அதோட எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்குல பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு மட்டும் கலப்பு. சதவீதத்துல சொன்னா 91.7. இந்த அளவு 1940 வரைக்கும் மாறவே இல்லை.

இதுதான் நம்ம கதையோட முக்கியமான இடம். ஊர்ல வெள்ளியோட தரத்தைப் பார்க்க எந்த மெஷினும் இல்லாத காலம் அது. ஆனா ஒரு ரூபாக் காசு என்ன எடை, என்ன தரம்னு எல்லாருக்கும் தெரியும். அதனால காசைச் சேர்த்துப் பத்தர்கிட்ட கொடுத்து உருக்கிக் கொலுசு செஞ்சாங்க. “20 ரூபா எடை”ங்கிற பேச்சே அங்கிருந்துதான் வருது. 20 ரூபான்னா 233 கிராம். அதுல சுத்த வெள்ளி மட்டும் 213, 214 கிராம் வரும்.

காலில் இருந்த பேங்க்

கொலுசு அலங்காரம் மட்டும் இல்லை, சேமிப்பும்கூட. தங்கம் மகாலட்சுமி, அதைக் கால்ல போடக்கூடாதுங்கிறது வழக்கம். அதனால காலுக்கு வெள்ளி. கல்யாணத்துல அம்மி மேல கால் வெச்சு மாப்பிள்ளை போட்டுவிடுற மெட்டியும் வெள்ளி. கையில நிலமோ பேங்க் கணக்கோ இல்லாத பெண்களுக்கு, தன் பேர்ல இருந்த ஒரே சொத்து சில சமயம் கால்ல கிடந்த இந்த வெள்ளிதான்.

1876-ல இருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாணம் அதுல ரொம்ப அடிவாங்கினது. தென்னிந்தியாவுலயும் தக்காணத்துலயும் சனங்க நகையை வித்துச் சாப்பிட்டாங்க. அப்படி வித்த வெள்ளி நகைகள் பம்பாய் நாணயச்சாலைக்கு உருக்குறதுக்காக வந்து குவிஞ்சது. யார் யார் கால்லயோ இருந்தது மறுபடி காசாப் போச்சு.

அப்படிக் காசாக மாத்துறதுக்கு ஒரு வழி இருந்ததுங்கிறதைக் கவனிங்க. அப்போ யார் வேணும்னாலும் வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோய், சின்னக் கட்டணம் கொடுத்து, ரூபாயா வாங்கிக்கலாம். 1893 ஜூன் மாசம் அந்த வழியை அரசாங்கம் மூடிருச்சு. உலகச் சந்தையில வெள்ளி விலை விழுந்துகிட்டே இருந்தது. ரூபாயைக் காப்பாத்த அப்படிப் பண்ணினாங்க. ரூபாயோட மதிப்பு நின்னுச்சு. ஆனா ரூபாயை உருக்கிச் செஞ்ச கொலுசு? அதே வெள்ளிதான், ஆனா அது இனிமே வெறும் உலோகம். ஏழைகளோட சேமிப்பை ஒரே உத்தரவுல குறைச்சுட்டீங்கன்னு அந்தக் காலத்துலயே விமர்சனம் வந்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1940-ல ரூபாயில வெள்ளியை 91.7-ல இருந்து 50 சதவீதமாக் குறைச்சாங்க. 1947-ல வெள்ளியே போய் நிக்கல் வந்தது. விஷயம் தெரிஞ்சவங்க பழைய காசை வெளியே விடலை. எடுத்து வெச்சாங்க, இல்லைன்னா கொலுசாக்கிட்டாங்க.

நம்ம தோழி வீட்டுல சொல்றது சரின்னா, அவங்க கையில இருக்கிறது இந்த வரலாறுதான். “பழைய வெள்ளி, டச் கம்மி”ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது. பழைய வெள்ளியில நல்லதும் உண்டு, பத்து வைக்கும்போது கலப்பு ஏறினதும் உண்டு. பார்த்துதான் சொல்லணும்.

கேட்டுக்கு உள்ளே

இப்போ நம்ம காலத்துக்கு வரலாம். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆலையில இருந்து 1998-ல கார் வெளியே வந்தது. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா போன் தயாரிக்க ஆரம்பிச்சது, 2014-ல மூடினாங்க. ஒரகடத்துல 2010-ல இருந்து கார், லாரி, புல்லட், டயர்னு வரிசையா ஆலைகள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன். போன் ஆலைகள்ல லைன்ல நிக்கிறவங்க பெரும்பாலும் வடமாவட்ட கிராமங்கள்ல இருந்து வந்த இளம்பெண்கள். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின குடியிருப்புத் திறந்தாங்களே, அதுல மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

எலக்ட்ரானிக்ஸ் லைன்ல மெட்டல் ஏன் கூடாது? காரணங்கள் இருக்கு. மோதிரமோ வளையலோ உரசினா ஸ்கிரீன்ல கீறல் விழும். மெஷின்ல மாட்டினா ஆபத்து. முக்கியமானது ஸ்டாட்டிக் மின்சாரம். கதவுப் பிடியைத் தொட்டா சுரீர்னு அடிக்குதே, அதை நம்ம உடம்பு உணரணும்னா கிட்டத்தட்ட 3000 வோல்ட் வேணும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்கும் கீழேயே கெட்டுப்போகும். உங்களுக்குத் தெரியாமலே நீங்க ஒரு போர்டைக் கெடுத்துடலாம். அதனால கொலுசு கழட்டின அதே கால்ல ஹீல் ஸ்ட்ராப்னு ஒண்ணு கட்டுவாங்க. உடம்புல சேர்ற மின்சாரத்தைத் தரைக்கு இறக்குற பட்டை அது.

ஆனா இந்த விதி வெறும் இன்ஜினியரிங் விஷயமா மட்டும் நிக்கலை. 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. இங்க இருக்கிற ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில திருமணமான பெண்களை அசெம்ப்ளி வேலைக்கு எடுக்காம தவிர்த்தாங்கங்கிறது அந்தச் செய்தி. சொல்லப்பட்ட காரணங்கள்ல குடும்பப் பொறுப்பு, கர்ப்பத்தோட, தாலி மெட்டி மாதிரி உலோக நகைகளும் இருந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டித் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டது. புதுசா எடுத்தவங்கள்ல 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள், உலோகம் கூடாதுங்கிற பாதுகாப்பு விதி ஆண் பெண், மதம் பார்க்காம எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நிறுவனம் அரசுகிட்ட சொன்னதா செய்திகள் வந்தது.

நான் இங்க தீர்ப்பு சொல்ல வரலை. ஆனா ஒண்ணு தெரியுது. ஒரு காலத்துல பெண்ணோட சேமிப்பா இருந்த வெள்ளி, வேலை கிடைக்குமா கிடைக்காதாங்கிற பேச்சுலயே ஒரு காரணமா வந்து நின்னுடுச்சு. தினமும் ஆயிரக்கணக்கான பெண்கள் கொலுசையும் மெட்டியையும் கழட்டி ஒரு கவர்ல போட்டுட்டு உள்ள போறாங்க. அந்தக் கவருக்குள்ள என்ன நடக்குது?

கறுப்பு எங்கிருந்து வருது

வெள்ளி சாதாரணக் காத்துல துருப்பிடிக்காது. அதோட முக்கியமான பலவீனம் கந்தகம். காத்துல ரொம்ப ரொம்பக் குறைஞ்ச அளவுல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கு. சாக்கடையில, அழுகின முட்டையில வர்ற வாசனை அதோடதுதான். அது பட்டா, வெள்ளியோட மேல்பரப்பு வெள்ளி சல்ஃபைடா மாறும். முதல்ல லேசான மஞ்சள், அப்புறம் பழுப்பு, நீலம், கடைசியில கறுப்பு. ஈரம் இருந்தா வேகம் கூடும். கூட கலந்திருக்கிற செம்பும் சேர்ந்து கறுக்கும்.

முட்டை, பூண்டு, வெங்காயம், வியர்வை, தோல் வியாதிக்குப் போடுற சில கந்தக மருந்துகள், எல்லாத்துலயும் கந்தகம் இருக்கு. “உடம்புச் சூடு”ன்னு சொல்றது பெரும்பாலும் வியர்வையும் அது மேல பூசினதும் பண்ற வேலை. அது உங்க உடம்பைப் பத்தின தீர்ப்பு கிடையாது.

இப்போ ரப்பர் பேண்ட். 1839-ல அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர், ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினா அது வெயிலுக்கு உருகாம, குளிருக்கு விறைக்காம உறுதியா நிக்கும்னு கண்டுபிடிச்சார். ஒரகடத்துல செய்யற டயரும் அந்த முறையோட வாரிசுதான், உங்க மேஜையில கிடக்கிற ரப்பர் பேண்டும் அப்படித்தான். அந்தக் கந்தகம் கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். கொலுசு மேல விழுந்த அந்தக் கறுப்புக் கோடு, ரப்பர் பேண்ட் போட்ட கையெழுத்து.

அப்போ பாட்டி கால்ல ஏன் கறுக்கலை? பாட்டியும் வேர்த்தாங்க, வயல்ல நின்னாங்க, பூண்டு உரிச்சாங்க. ஆனா கொலுசு தினமும் புடவையில, தோல்ல, தண்ணியில உரசிக்கிட்டே இருந்தது. கறுப்பு தடிமனாகிறதுக்கு முன்னாடியே போயிடும். பழைய கொலுசை உத்துப் பாருங்க, உரசல் படாத சந்துல மட்டும் கறுப்பு நிக்கும். லாக்கர்ல உரசல் கிடையாது. ஈரமும் அடைஞ்ச காத்தும் ரப்பரும்தான். கொலுசு கறுத்ததுக்குக் காரணம், அதைப் போட்டதில்லை, கழட்டினது. வெள்ளி அதேதான். அதைப் போட்டுக்கிட்டு நடந்த வாழ்க்கைதான் மாறிடுச்சு.

தேய்க்கிறதுல என்ன போகுது

நம்ம வீடுகள்ல வெள்ளியைச் சுத்தம் பண்ண என்னென்ன பண்ணினாங்க? பூந்திக்கொட்டையை ஊற வெச்ச தண்ணி. அது இயற்கையான சோப்பு. அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், உலோகத்தைத் தொடாது. கறுப்புக்கு விபூதி. அப்புறம் பல்பொடி, பேஸ்ட். இது மூணும் வேலை செய்யறது தேய்மானத்தால. வெள்ளி ரொம்ப மென்மையான உலோகம். கடினத்தன்மையை அளக்கிற மோஸ் அளவுல அது 2.5-ல இருந்து 3 வரை. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7. பேஸ்ட்ல பல்லைத் தேய்க்கப் போடுற சிலிக்காவும் வெள்ளியைவிடக் கடினம்.

இங்க ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கறுப்புப் படலம் இருக்கே, அதோட எடையில 100-க்கு 87 பங்கு வெள்ளி. மிச்சம் 13 பங்குதான் கந்தகம். அதாவது நீங்க தேய்ச்சுக் கழுவி விடுற கறுப்புத் தண்ணியில போறது உங்க கொலுசு. படலம் ரொம்ப மெல்லிசு, ஒரு தடவையில எடை குறையறது தெரியாது. ஆனா தேய்க்கும்போது அடியில இருக்கிற நல்ல வெள்ளியும் கீறுபடும். வருஷக்கணக்கா பண்ணினா பூ வேலைப்பாடு மழுங்கிடும். முலாம் பூசின நகைன்னா அடியில இருக்கிற பித்தளையே வெளியே வந்துடும்.

தேய்க்காம அந்த 87 பங்கையும் திருப்பி வாங்க முடியுமா? முடியும். அதுக்கு உதவுறது நாம மதிக்காத இன்னொரு உலோகம், அலுமினியம்.

அலுமினியத்துக்கும் மதராஸுக்கும் ஒரு உறவு உண்டு. 1886-ல மின்சாரத்தால அலுமினியம் பிரிக்கிற முறை வந்த பிறகுதான் அது மலிவாச்சு. 1898-ல மதராஸ் ஓவியப் பள்ளியில ஆல்ஃபிரட் சாட்டர்டன்ங்கிற இன்ஜினியர் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சார். 1900-ல அதுக்குன்னு ஒரு கம்பெனியே மதராஸ்ல வந்தது. நம்ம வீட்டு அலுமினியக் குண்டானுக்கு அது ஒரு தொடக்கம்.

அலுமினியத்துக்கு வெள்ளியைவிடக் கந்தகத்து மேல ஆசை அதிகம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டபடி, சோடா கரைச்ச வெந்நீர்ல இருந்தா, கந்தகம் வெள்ளியை விட்டு விலகும். கறுப்புல இருந்த வெள்ளி அங்கேயே திரும்ப வெள்ளியாகும். மின்சாரம் பாய்ற வேதியியல் இது. ரெண்டும் தொட்டுக்கிற இடம்தான் ஒயர், சோடா தண்ணி அந்தச் சுற்றை முழுசாக்கும்.

வீட்டுல எப்படிச் செய்யறது

முதல்ல கொலுசை மிதமான சோப்புத் தண்ணியில கழுவுங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா வேலை நடக்காது. ஒரு கண்ணாடிக் கிண்ணம் இல்லைன்னா எவர்சில்வர் பாத்திரத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு, கொலுசு அதுல நல்லா படுற மாதிரி வைங்க. ஒரு லிட்டர் கொதிச்ச தண்ணிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா, ஒரு ஸ்பூன் உப்பு. மெதுவா ஊத்துங்க, பொங்கும். அழுகின முட்டை வாசனை லேசா வந்தா பயப்படாதீங்க. கந்தகம் கிளம்புதுன்னு அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைங்க. சில நிமிஷத்துல கறுப்பு இறங்கும். திருப்பிப் போடுங்க. அப்புறம் நல்ல தண்ணியில அலசி, பருத்தித் துணியில ஒத்தி, முழுசா காய விடுங்க. கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சா மெத்துன்னு இருக்கிற துணியால நீளவாக்குல தொடைச்சாப் போதும்.

எல்லா நகைக்கும் இது சரிப்படாது. முத்து, பவளம், பசை போட்டு ஒட்டின கல், உள்ளே அரக்கு நிரப்பின நகை, இதையெல்லாம் வெந்நீர்ல போடவே கூடாது. வேணும்னே கறுப்பாக்கி விக்கிற ஆக்ஸிடைஸ்டு நகையைப் போட்டா அந்த அழகே போயிடும். பத்து வெச்ச இடத்துல செம்பு அதிகம் இருந்தா அங்க கறுப்பு முழுசாப் போகாது. அதைப் பத்தர்கிட்ட கொடுத்து மெருகு போடுங்க. பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீங்க. குளோரினும் வெள்ளியைக் கெடுக்கும்.

உள்ளே போகும் வெள்ளி

கடைசியா ஒரு விஷயம். கேட்ல வெள்ளியைக் கழட்டச் சொல்ற அதே ஆலைக்குள்ள வெள்ளி இருக்கு. 2006 ஜூலையில ஐரோப்பா எலக்ட்ரானிக்ஸ்ல ஈயத்துக்குத் தடை போட்டது. அதுக்கப்புறம் போர்டுல பார்ட்ஸை ஒட்டுற பத்து பெரும்பாலும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலவையா மாறிச்சு. பரவலாப் பயன்படுற ஒரு கலவையில 3 சதவீதம் வெள்ளி. நீங்க இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற போன்லயும் துளி வெள்ளி இருக்க வாய்ப்பு அதிகம்.

வெள்ளி பூசின போர்டுகளை ஆலைகள்ல எப்படி வைப்பாங்க தெரியுமா? கந்தகம் இல்லாத தாள்ல சுத்தி, ஈரம் போகாம சீல் பண்ணி, வெறுங்கையால தொடாம. ரப்பர் பேண்ட் போடவே மாட்டாங்க. ஆலை தன்னோட வெள்ளிக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை நம்ம லாக்கர்ல இருக்கிற வெள்ளிக்கும் நாம கொடுக்கலாம். கழட்டினதும் வியர்வையைத் தொடைச்சுக் காய வைங்க. சுத்தமான பருத்தித் துணியில சுத்துங்க. ஜிப் கவர்ல காத்தை வெளியேத்தி மூடி, புது ஷூ டப்பாவுல வருமே, அந்த சிலிகா ஜெல் பொட்டலம் ஒண்ணு போடுங்க. ரப்பர் வேண்டாம். லீவு நாள்ல எடுத்துப் போட்டுக்கோங்க. அதைவிட நல்ல பராமரிப்பு வெள்ளிக்குக் கிடையாது.

இப்போ நம்ம தோழியோட கேள்விக்கு. கறுத்ததால அது போலி ஆகிடாது. கறுத்ததாலயே அது நல்ல வெள்ளின்னும் நான் சொல்ல மாட்டேன். செம்புக் கலப்பும் கறுக்கும். முதல்ல சுத்தம் பண்ணுங்க. அப்புறம் எக்ஸ்ரே அடிச்சு டச் பார்க்கிற மெஷின் இருக்கிற இடத்துல, பத்து வெச்ச இடம் இல்லாம ரெண்டு மூணு இடத்துல பார்க்கச் சொல்லுங்க. அந்த மெஷின் மேல்பரப்பைத்தான் பார்க்கும், அதனால கறுப்போட கொண்டுபோகாதீங்க. 90 டச்சுக்கும் 70 டச்சுக்கும் 233 கிராம்ல கிட்டத்தட்ட 47 கிராம் வெள்ளி வித்தியாசம். பேச்சை நம்பி விடுற அளவு இல்லை அது. புதுசு வாங்குறவங்களுக்கு ஒரு குறிப்பு: 2025 செப்டம்பர் 1-ல இருந்து வெள்ளி நகைக்கும் எச்.யு.ஐ.டி எண்ணோட ஹால்மார்க் வந்திருக்கு. கட்டாயம் இல்லை, ஆனா கேட்டு வாங்கலாம்.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி இதையெல்லாம் அவங்களுக்கு அனுப்பியிருந்தேன். நேத்து பதில் வந்தது. ஹாஸ்டல்ல கெட்டில்ல தண்ணி காய்ச்சி, பார்சல் வாங்கின ஃபாயில்ல பண்ணிப் பார்த்திருக்காங்க. ரப்பர் பேண்ட் கோடு லேசா நிக்குதாம், மத்தது வெளுத்துடுச்சாம். பாட்டிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாங்களாம். பாட்டி கொலுசைப் பார்க்கவே இல்லையாம். “கால்ல போட்டுக் காட்டு”ன்னாங்களாம்.

மாத்தப் போறதில்லைன்னு சொன்னாங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.